பிரெஞ்சு நாட்டுப்புறக் கொம்யூன் ஒன்றை அறிந்துகொள்வது எப்படி: சேன்-சீர்-லப்போப்பியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் குடியேறவோ, வேலைக்குச் செல்லவோ, சில மாதங்கள் தங்கியிருக்கவோ எண்ணுபவர்கள் முதலிலேயே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பல அலைச்சல்கள் மிச்சமாகும். அங்கே கொம்யூன் எனப்படுவது வீடுகள் கூடியிருக்கும் ஓர் ஊர் மட்டுமன்று. காடு, மேடு, ஆற்றங்கரை, தனித்து நிற்கும் பண்ணை வீடு ஆகிய அனைத்தையும் சேர்த்து எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பு. நாட்டின் நிலம் முழுவதும் இப்படிக் கொம்யூன்களாகவே பிரிக்கப்பட்டிருப்பதால், நீங்கள் எந்தப் பாறையின்மேல் நின்றாலும் அது ஏதேனும் ஒரு கொம்யூனுக்குச் சொந்தமானதாகவே இருக்கும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கொம்யூன் பஞ்சாயத்து என்ற அமைப்பை இன்றும் காணலாம். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 1880இல் அங்கே கொண்டுவரப்பட்ட முறையின் எச்சம் அது. எனினும் பிரான்ஸில் உள்ள நாட்டுப்புறக் கொம்யூன் அளவில் மிகச் சிறியது. ஏறத்தாழ 34,900 கொம்யூன்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஒரே கொம்யூனை எடுத்துக்கொண்டு படிப்படியாக விளக்குவதே பயன்தரும் என்று கருதுகிறேன். தென்மேற்குப் பிரான்ஸில், லொத் ஆற்றின் இடதுகரையில் உள்ள சேன்-சீர்-லப்போப்பி அதற்குப் பொருத்தமானது. அங்கே வாழ்பவர்கள் சுமார் 200 பேர்தான். பரப்பளவோ ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டர். பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் அதன் பழைய ஊரைக் காண ஆண்டுதோறும் சில லட்சம் பேர் வருகிறார்கள். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் பார்ப்பது கொம்யூனின் மிகச் சிறிய ஒரு மூலையை மட்டுமே. மீதியையும் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. இங்கே சொல்லும் முறையை வேறெந்த நாட்டுப்புறக் கொம்யூனுக்கும் நீங்கள் பொருத்திப் பார்க்கலாம்.

படி 1: பெயரோடு குறியீட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

பிரான்ஸில் ஒரே பெயருள்ள கொம்யூன்கள் பல உண்டு. புனிதர்களின் பெயர்களைத் தாங்கியவற்றில் இந்தக் குழப்பம் மிகுதி. ஆகவே பெயரை மட்டும் நம்பி வேலை ஒப்பந்தத்திலோ வாடகை விளம்பரத்திலோ இடத்தை உறுதி செய்யாதீர்கள். தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு ஒன்றை வழங்கியுள்ளது. சேன்-சீர்-லப்போப்பியின் குறியீடு 46256. இதில் முதல் இரண்டு இலக்கங்கள் லொத் தெபார்த்மானையும் (தெபார்த்மான் என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), அடுத்த மூன்றும் அதற்குள் இந்தக் கொம்யூனையும் குறிக்கின்றன.

இதை அஞ்சல் குறியீட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இக்கொம்யூனின் அஞ்சல் குறியீடு 46330. அருகிலுள்ள பூசியெஸ், கப்ரரே ஆகிய கொம்யூன்களுக்கும் அதே எண்தான். கடிதம் வந்து சேர அஞ்சல் குறியீடு போதும். ஆனால் நிலப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு, இடர் அறிக்கை போன்ற அலுவல்களில் இன்சே குறியீடே கொம்யூனைத் தனித்து அடையாளம் காட்டும். பிரான்ஸில் பிறந்தவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குள்ளும் பிறந்த கொம்யூனின் இந்தக் குறியீடு இடம்பெறுகிறது. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு அந்த இடத்தில் 99 என்று தொடங்கி, பிறந்த நாட்டின் எண் வரும்.

பெயரை எழுதும்போது இடையிலுள்ள இணைப்புக்கோடுகளை விட்டுவிடாதீர்கள். உச்சரிப்பிலும் கவனம் தேவை: எழுத்தில் ‘சீர்’ என்பதன் இறுதியில் வரும் க்யூ (q) என்ற எழுத்து ஒலிப்பதில்லை. பேருந்து ஓட்டுநரிடம் வாயால் கேட்கும் பெயரும், பலகையில் கண்ணால் காணும் பெயரும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பழைய முகவரியோ பழைய ஆவணமோ கையில் இருந்தால், அந்தக் கொம்யூன் இன்னும் தனியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடந்த பதினைந்து ஆண்டுகளில் பல சிறு கொம்யூன்கள் ஒன்றாக இணைந்து ‘புதிய கொம்யூன்’ ஆகியுள்ளன. காவோர் நகரிலிருந்து சேன்-சீர்-லப்போப்பிக்குச் செல்லும் வழியிலேயே இதற்குச் சான்று உண்டு. சேன் ஜெரி, வேர் என்று தனித்தனியாக இருந்த இரண்டும் 2017இல் சேன் ஜெரி-வேர் என்ற ஒரே கொம்யூனாயின. பழைய பெயர்கள் ஊர்ப் பலகைகளில் நீடிக்கின்றன; நிர்வாகம் மட்டும் ஒன்றாகிவிட்டது.

படி 2: எந்த அலுவலுக்கு எந்த அடுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கொம்யூன்கள் 1789 டிசம்பரில் பிரெஞ்சுப் புரட்சியின்போது சட்டப்படி உருவாயின; அடுத்த ஆண்டே தெபார்த்மான்கள் வந்தன. சேன்-சீர்-லப்போப்பி லொத் தெபார்த்மானிலும், அது ஒக்சித்தானி மாநிலத்திலும் அடங்குகின்றன. தெபார்த்மானின் தலைநகரான காவோர் இங்கிருந்து மேற்கே, சாலை வழியாக முப்பது கிலோமீட்டருக்குள்தான். இந்தப் பழைய அடுக்குகளோடு, அருகருகே உள்ள கொம்யூன்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டமைப்பு ஒன்றும் இருக்கும். இங்கே அது கிரான் காவோர்.

புதியவருக்கு நடைமுறையில் தேவைப்படுவது இவ்வளவுதான். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு, வீடு கட்டவோ மாற்றவோ விண்ணப்பம், தொடக்கப் பள்ளிச் சேர்க்கை, கல்லறை நிலம், கொம்யூனுக்குச் சொந்தமான சிறு சாலைகள் ஆகியவற்றுக்கு மெரிக்குச் செல்ல வேண்டும். மெரி என்பது மேயரின் அலுவலகம். எவ்வளவு சிறிய கொம்யூனானாலும் ஒன்று இருக்கும். குப்பை அகற்றுதல் பெரும்பாலும் கூட்டமைப்பின் பொறுப்பு. நடுநிலைப் பள்ளியும் ‘த’ (D) என்ற எழுத்தோடு எண்ணிடப்பட்ட சாலைகளும் தெபார்த்மானுக்கு உரியவை. உயர்நிலைப் பள்ளியும் ஊர்களுக்கிடையிலான பேருந்தும் மாநிலத்துக்கு உரியவை. வெளிநாட்டவருக்கான வதிவிட அனுமதி அரசின் நேரடிப் பிரதிநிதியான பிரெபெக்துரின் கையில் உள்ளது. அது காவோரில் இருக்கிறது. விண்ணப்பங்களில் பெரும்பகுதியை இப்போது இணையவழியாகவே அனுப்ப வேண்டும்.

புதிதாகக் குடிவந்தவர் மெரியில் பெயர் பதிய வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் பிரான்ஸில் இல்லை. ஆனால் வதிவிட அட்டை வைத்திருப்பவர்கள் முகவரி மாறியதை மூன்று மாதங்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். கட்டாயம் இல்லாவிட்டாலும் மெரிக்கு ஒருமுறை நேரில் சென்று வணக்கம் சொல்லி உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். 200 பேர் வாழும் இடத்தில் மெரியின் செயலாளருக்குத் தெரியாத வீடு கிடையாது. குப்பை வண்டி வரும் நாள், கிணற்று நீரின் நிலை, சாலை அடைப்பு என எதுவானாலும் சரியான பதில் முதலில் கிடைக்கும் இடம் அதுதான். சிறு கொம்யூன்களில் மெரி வாரத்தில் சில அரைநாள்கள் மட்டுமே திறந்திருக்கும். ஆகவே கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: நிலத்தை வரைபடத்தில் படியுங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கைப்பேசி வரைபடம் சாலையைக் காட்டும், நிலத்தைக் காட்டாது. பிரான்ஸின் தேசிய நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 அளவிலான வரைபடத்தை வாங்குங்கள், அல்லது அரசின் இணைய வரைபடத் தளத்தில் இலவசமாகத் திறந்து பாருங்கள். அதில் நான்கு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். பச்சை நிறம் காட்டையும், நீலம் நீரையும், சிறு கறுப்புக் கட்டங்கள் கட்டடங்களையும், பழுப்புக் கோடுகள் சம உயரத்தையும் குறிக்கும். கொம்யூனின் எல்லை மெல்லிய புள்ளிக்கோடாக ஓடும். முதலில் அந்த எல்லையை விரலால் ஒரு சுற்றுத் தொடர்ந்து பாருங்கள். எங்கே ஆற்றை ஒட்டிச் செல்கிறது, எங்கே காட்டுக்குள் நுழைகிறது என்பது தெரியும்.

சேன்-சீர்-லப்போப்பியில் இப்படிப் பார்த்தால் மூன்று தளங்கள் தெளிவாகப் பிரிந்து தோன்றும். கீழே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் லொத் ஆறு வளைந்து வளைந்து செல்கிறது. லோசேர் மலைகளில் பிறந்து மேற்கு நோக்கி ஏறத்தாழ 480 கிலோமீட்டர் ஓடி கரோன் ஆற்றில் கலக்கும் நதி இது. ஒவ்வொரு வளைவிலும் உட்புறத்தில் வண்டல் படிந்த தட்டையான வயலும், வெளிப்புறத்தில் ஆறு அறுத்துச் சென்ற செங்குத்துப் பாறையும் இருக்கும். அந்தப் பாறையின் இடத்தில், பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பட்டையாகத் தெரியும். பழைய ஊர் இந்தப் பட்டையின் தோளில், ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. அதற்கும் மேலே, தெற்கு நோக்கி, 300 மீட்டரைத் தாண்டும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் விரிகிறது. இதைக் கோஸ் என்பார்கள். ஆற்றுக்குத் தெற்கே உள்ளது லிமோஞ் கோஸ். வடக்கே உள்ளது கிராமா கோஸ். இரண்டும் சேர்ந்த பெரும் பரப்பு 1999இல் கெர்சி கோஸ் வட்டார இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கோஸ் நிலத்தைப் புரிந்துகொள்ள, அங்கே நீல நிறம் எவ்வளவு குறைவு என்பதைக் கவனியுங்கள். ஜுராசிக் காலத்தில் கடலடியில் படிந்த இந்தச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் நிறைந்தது. பெய்யும் மழை மேலே ஓடையாக ஓடாமல் நிலத்துக்குள் இறங்கி, குகைகள் வழியே சென்று, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளிவரும். அதனால்தான் மேட்டில் பள்ளத்தாக்கு இருந்தாலும் அதில் ஆறு இருக்காது. ஓக் மரம் உயர்ந்து வளராமல் குட்டையாக நிற்கும். இடையிடையே ஜூனிப்பர் புதரும் பாக்ஸ் மரச்செடியும் மண்டியிருக்கும். பயிர் செய்ய மண்ணிலிருந்து பொறுக்கியெடுத்த கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கி, தலைமுறை தலைமுறையாக எல்லைச் சுவர்களும் மேய்ப்பர்கள் ஒதுங்கும் வட்டமான கற்குடில்களும் கட்டியிருக்கிறார்கள். அத்தகைய குடில் ஒன்றின் உள்ளே நின்று மேலே பார்த்தால், ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடச் சற்றே உள்நோக்கி நீண்டு, கடைசியில் ஒரே தட்டைக் கல்லால் மூடப்பட்டிருப்பது தெரியும். சட்டமோ உத்தரமோ எதுவும் இல்லை. அந்தச் சுவர்க் கற்களை எடுத்துச் செல்வதும், மேலே ஏறி நடப்பதும் கூடாது.

நீர் இவ்வாறு ஒளிந்து ஓடுவதால் குகைகளும் மிகுதி. அண்டைக் கொம்யூனான கப்ரரேயில் உள்ள பெஷ் மேர்ல் குகை, தொல்பழங்கால ஓவியங்களுக்குப் புகழ்பெற்றது. அதன் அருகே ஓடும் செலே ஆறு, பூசியெஸ் பக்கத்தில் லொத்தில் கலக்கிறது.

படி 4: மைய ஊரையும் சிற்றூர்களையும் இடப்பெயர்களையும் பிரித்தறியுங்கள்

கொம்யூனின் மையத்தில் தேவாலயமும் மெரியும் உள்ள ஊரைப் பூர் என்பார்கள். அதைச் சுற்றிச் சில வீடுகள் மட்டுமே கொண்ட சிற்றூர்கள் சிதறியிருக்கும். இவை தவிர, ஆளே இல்லாத வயலுக்கும் காட்டுக்கும் பாறைக்கும்கூடத் தனிப் பெயர் உண்டு. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் இப்பகுதியின் பழைய மொழியான ஒக்சித்தானில் அமைந்தவை; அவற்றில் சிலவற்றைத் தெரிந்துகொண்டாலே நிலத்தின் வடிவம் புலப்படும். பெஷ் என்றால் குன்று. கோம்ப் என்றால் நீரற்ற சிறு பள்ளத்தாக்கு. குலூப் என்பது நிலம் அமிழ்ந்து உண்டான கிண்ணம் போன்ற பள்ளம். அதில்தான் நல்ல மண் தங்கும் என்பதால் பயிர் அங்கேதான். இக் என்றால் செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கும் குழி. வரைபடத்தில் இக் என்று தொடங்கும் பெயரைக் கண்டால், குழந்தைகளோடும் நாய்களோடும் நடக்கும்போது விழிப்பாக இருங்கள். மாஸ் என்று தொடங்கினால் அங்கே பண்ணை வீடோ சிற்றூரோ இருக்கும், அல்லது ஒருகாலத்தில் இருந்திருக்கும்.

பூரின் வரலாற்றையும் நிலமே தீர்மானித்தது. ஆற்றைக் கண்காணிக்க வசதியான பாறை உச்சியில் கோட்டை எழுந்தது. இன்று அதன் இடிபாடு மட்டும் எஞ்சியிருக்கிறது. மேட்டில் வளர்ந்த பாக்ஸ் மரத்தின் இறுகிய கட்டை, பீப்பாய்களுக்கு மரக்குழாய் கடையும் தொழிலாளர்களுக்கு வாழ்வு தந்தது. ஆறோ, திராட்சை மதுவை போர்தோ வரை ஏற்றிச் செல்லும் தட்டைப் படகுகளின் வழியாக இருந்தது. நீரோட்டத்துக்கு எதிராகப் படகுகளைக் கரையிலிருந்து இழுத்துச் செல்வதற்காக, 19ஆம் நூற்றாண்டில் பூசியெஸ் பக்கம் பாறையைக் குடைந்தே ஒரு பாதை வெட்டினார்கள். ரயில் வந்தபின் படகுத் தொழில் நலிந்து, 1926இல் ஆறு நீர்வழிப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. தொழில் போனபின் மக்களும் போனார்கள். 1950களில் சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இங்கே வீடு வைத்துக் கோடைகளைக் கழித்தபோது ஊர் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது.

மக்கள்தொகை எண்ணைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். 200 பேர் என்பது ஆண்டு முழுவதும் வாழ்பவர்களின் கணக்கு. பல வீடுகள் விடுமுறைக்கு மட்டுமே திறக்கப்படுகின்றன. ஜூலை, ஆகஸ்டில் நிரம்பி வழியும் தெருவில் ஜனவரியில் ஓர் உணவகம்கூடத் திறந்திராமல் போகலாம். பணிக்காகச் செல்பவர்கள் ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிகிறது என்பதையும், வாடகை வீட்டில் குளிர்காலச் சூடேற்றல் இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

படி 5: சாலைப் பலகைகளையும் முகவரிகளையும் வாசிக்கப் பழகுங்கள்

சேன்-சீர்-லப்போப்பிக்கு ரயில் இல்லை. பாரிஸ்–துலூஸ் வழித்தடத்தில் உள்ள காவோர் நிலையமே அருகிலுள்ள ரயில் நிலையம். அங்கிருந்து ஃபிஜாக் செல்லும் பேருந்து, ஆற்றின் வடகரையில் உள்ள த 662 சாலையில் செல்கிறது. அதில் தூர்-த-ஃபோர் என்னும் எதிர்க்கரைக் கொம்யூனில் இறங்கி, பாலத்தைக் கடந்து மேலே ஏறிச் செல்ல வேண்டும். பெட்டி படுக்கையோடு அந்த ஏற்றத்தில் நடப்பது கடினம் என்பதால், அழைத்துச் செல்ல வருமாறு வீட்டுக்காரரிடமோ முதலாளியிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காரில் வருபவர்கள் பூசியெஸில் ஆற்றைக் கடந்து, த 40 சாலையில் பாறை விளிம்பை ஒட்டி வரலாம். சாலை குறுகலானது, ஆனால் பள்ளத்தாக்கின் முழு வடிவமும் கண்ணுக்குக் கிடைப்பது அங்கேதான்.

சாலையோரப் பலகைகளில் இரண்டு வகைகளைக் கட்டாயம் வேறுபடுத்தி அறிய வேண்டும். வெள்ளைப் பலகையில் சிவப்பு விளிம்போடு ஊர்ப் பெயர் இருந்தால், அங்கிருந்து குடியிருப்புப் பகுதி தொடங்குகிறது. வேக எண் எதுவும் எழுதப்படாவிட்டாலும் மணிக்கு 50 கிலோமீட்டரே உச்ச வேகம். அதே பெயர்மேல் சிவப்புக் கோடு குறுக்கே இழுத்திருந்தால் குடியிருப்பு முடிந்தது என்று பொருள். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது வெறும் இடப்பெயர். வேக வரம்பை அது மாற்றாது. இந்தப் பலகைகள் எதுவும் கொம்யூனின் எல்லையைக் காட்டுபவையல்ல என்பதை மறக்கக் கூடாது. சிவப்புக் கோடிட்ட பலகையைத் தாண்டிப் பல கிலோமீட்டர் சென்றபின்னும் நீங்கள் அதே கொம்யூனுக்குள் இருக்கக்கூடும். குடியிருப்புக்கு வெளியே, நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 2018 ஜூலை முதல் பொது வரம்பு 80 கிலோமீட்டர். சில தெபார்த்மான்கள் தங்கள் சாலைகள் சிலவற்றில் 90ஐ மீட்டிருப்பதால் பலகையைப் பார்த்தே ஓட்டுங்கள். சிற்றூர்களுக்குள், குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. பண்ணைச் சந்திலிருந்து திடீரென்று டிராக்டர் வெளிவரும் இடங்களில் இந்த விதியைத் தெரியாமல் ஓட்டுவது ஆபத்து.

சாலையின் தகுதியை அதன் எண் பெட்டியின் நிறமே சொல்லிவிடும். மஞ்சள் என்றால் தெபார்த்மான் சாலை, வெள்ளை என்றால் கொம்யூன் சாலை, பச்சையில் காட்டுத்துறையின் எழுத்துகள் இருந்தால் காட்டுச்சாலை. பனி உறைந்த காலையில் முதலில் உப்புத் தூவப்படுவது மஞ்சள் எண் உள்ள சாலைகளில்தான் என்பதால், தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வீட்டு வாடகையைப் போலவே முக்கியமான செய்தி.

அடுத்தது முகவரி. நாட்டுப்புறங்களில் நீண்ட காலம் வீட்டு எண்ணோ தெருப்பெயரோ இல்லாமல், சிற்றூரின் பெயர் மட்டுமே முகவரியாக இருந்தது. 2022 பிப்ரவரியில் வந்த சட்டம் சிறு கொம்யூன்களும் எல்லாச் சாலைகளுக்கும் பெயரிட்டு, வீடுகளுக்கு எண் தர வேண்டும் என்று ஆக்கியது. ஆகவே பழைய விளம்பரத்தில் ஒரு முகவரியும் கதவில் வேறொரு முகவரியும் இருப்பது இன்று இயல்பு. நாட்டுப்புறச் சாலைகளில் எண்ணிடுவதற்குப் பெரும்பாலும் மீட்டர் முறை கையாளப்படுகிறது. வாயிலில் 1240 என்ற எண்ணைக் கண்டு, அந்தச் சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டாம். சாலையின் தொடக்கத்திலிருந்து 1,240 மீட்டர் தொலைவில் வலப்பக்கத்தில் அந்த வீடு இருக்கிறது என்பதே பொருள். ஒற்றைப்படை எண்ணானால் இடப்பக்கம். வண்டியின் தூரமானியைப் பார்த்துக்கொண்டே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். மருத்துவத்துக்கு 15, தீயணைப்புக்கு 18, காவலுக்கு 17. அழைப்பை எடுப்பவர் வேறொரு நகரில் இருப்பார் என்பதால் கொம்யூன், தெபார்த்மான், சிற்றூர், சாலை எண் என்ற வரிசையில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டி வைக்கும்படி, மொழி இன்னும் வசப்படாத ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

படி 6: வாடகைக்கோ விலைக்கோ எடுக்கும் முன் நிலத்தைச் சோதியுங்கள்

நிலத்தின் ஒவ்வொரு துண்டும் கதாஸ்த்ர் எனப்படும் நிலப்பதிவு வரைபடத்தில் இருக்கும். 1807இல் நெப்போலியன் காலத்துச் சட்டத்தில் தொடங்கிய இந்தப் பதிவு இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரிவைக் குறிக்கும் எழுத்தும் துண்டைக் குறிக்கும் எண்ணும் தெரிந்தால், வீட்டோடு சேர்ந்த தோட்டம் எதுவரை, வாயிலுக்குச் செல்லும் பாதை யாருடையது என்பதைப் பார்க்கலாம். எனினும் அது வரி விதிப்பதற்கான வரைபடம். எல்லைத் தகராறு வந்தால் நில அளவையாளர் வரைந்து இரு தரப்பும் ஒப்பமிட்ட எல்லைக்குறிப்பே செல்லும்.

ஜியோரிஸ்க் என்ற அரசுத் தளத்தில் முகவரியை இட்டால் வெள்ளம், பாறைச் சரிவு, களிமண் சுருக்கம் போன்ற இடர்கள் அந்த இடத்துக்கு உண்டா என்று காட்டும். சேன்-சீர்-லப்போப்பி போன்ற நிலத்தில் ஆற்றங்கரை வீட்டுக்கு வெள்ளமும், பாறையடி வீட்டுக்குச் சரிவும் முதல் கேள்விகள். விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் இடர் அறிக்கையை உங்களுக்குத் தர வேண்டும் என்பது சட்டம், வாய்ச்சொல்லோடு விட்டுவிடாதீர்கள். மேட்டில் உள்ள தனி வீடானால் கழிவுநீர் பொதுக் குழாயில் சேர்கிறதா, சொந்தத் தொட்டியில் சேர்கிறதா என்றும் கேளுங்கள். நீர் நேராக நிலத்தடிக்கு இறங்கும் சுண்ணாம்பு மண்ணில் பழுதான தொட்டி ஒன்று கீழேயுள்ள ஊற்றையே கெடுத்துவிடும்.

பழமையான ஊரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி, தனி எல்லை வகுக்கப்படாத இடங்களில், 500 மீட்டர் தொலைவுக்குள் சன்னல் நிறம் மாற்றுவதற்குக்கூட அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்து தேவைப்படும். வேலை தொடங்கும் முன் மெரியில் கேட்டுவிடுங்கள்.

படி 7: வாழ்க்கை வட்டத்தைக் கொம்யூனுக்கு வெளியேயும் வரையுங்கள்

சிறு கொம்யூனில் எல்லாமே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் வீட்டை நடுவில் வைத்து, ரொட்டிக் கடை, மருத்துவர், மருந்தகம், பள்ளி, பெட்ரோல், குப்பை ஒப்படைக்கும் மையம் ஆகியவை எந்தெந்தக் கொம்யூனில் இருக்கின்றன என்று வரைபடத்தில் குறியுங்கள். சேன்-சீர்-லப்போப்பியில் வாழ்பவர்களுக்கு அன்றாடத் தேவைகளில் பல ஆற்றின் எதிர்க்கரையிலும், பெரிய தேவைகள் காவோரிலும் நிறைவேறுகின்றன. காவோரில் புதன், சனிக்கிழமைகளில் தேவாலயத்தின் முன் கூடும் சந்தையில் சுற்று வட்டாரத்துக் காய்கறியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வாங்கலாம். அரசு விண்ணப்பங்களை நிரப்ப உதவி வேண்டுமானால் பிரான்ஸ் சர்வீஸ் என்ற பெயர்ப்பலகை உள்ள மையத்தைத் தேடுங்கள். குடும்பநலம், ஓய்வூதியம், வரி, வேலை தேடல் ஆகிய பல அலுவல்களுக்கு ஒரே மேசையில், கட்டணமில்லாமல் அங்கே உதவுகிறார்கள்.

படி 8: நடந்து பாருங்கள்

வரைபடத்தில் படித்ததைக் காலால் உறுதி செய்துகொள்ளும் படி இது. பாறையிலோ மரத்திலோ வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டைகள் தீட்டியிருந்தால் அது நெடுந்தொலைவு நடைபாதை. சேன்-சீர்-லப்போப்பி வழியாக ஜி.ஆர். 36 செல்கிறது. ஒற்றை மஞ்சள் பட்டை உள்ளூர்ச் சுற்றுப்பாதையைக் குறிக்கும். பட்டைகள் குறுக்காகப் பெருக்கல் குறிபோல் இருந்தால் அது தவறான வழி, திரும்பிவிடுங்கள். முதல் நடைக்கு ஆற்றை ஒட்டிய பழைய படகிழு பாதையைப் பரிந்துரைக்கிறேன். தலைக்கு மேலே குடைந்த பாறை, பக்கத்தில் ஆறு, மேலே மேட்டுநிலத்தின் விளிம்பு என்று மூன்று தளங்களையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். மழைக்குப் பின் சுண்ணாம்புக்கல் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணி தேவை. மேட்டுநிலத்தில் நடக்கும்போது தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், வழியில் ஊற்று கிடைக்காது.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைக்காலம். அந்த மாதங்களில் காட்டுப்பாதையில் நடப்பவர்கள் ஒளிரும் நிறத்தில் மேலாடை அணிவது நல்லது; வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் அந்த வழியில் செல்லக் கூடாது. எந்த நாளில் எந்தக் காட்டில் வேட்டை என்பது தெரியாவிட்டால் மெரியில் கேளுங்கள். மேய்ச்சல் நிலத்தின் வாயிற்கதவைத் திறந்தால் கடந்தவுடன் மூடிவிடுங்கள்; மந்தைக்குக் காவலாக வெள்ளை நாய்கள் நின்றால் ஓடாமல், குச்சியை ஓங்காமல், மந்தையை விட்டு விலகி மெல்லச் சுற்றிச் செல்லுங்கள்.